அடியார் பதக்கமும் அடிப்பிடித்த கொப்பரையும்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தாலே, "எந்தக் காலம்? எந்த ஊர்?" என்று குறுக்கே விழுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரியாது. ராஜாவுக்குக் கோபம் வந்தால் தலை போகும், சிரிப்பு வந்தால் ஊர் பிழைக்கும் என்று இருந்த ஒரு காலம். அவ்வளவு தெரிந்தால் போதும். மேலே கேளுங்கள்.

அந்த நாட்டை ஆண்டவர் பிறைசூடி ராயர். மனிதர் நல்லவர்தான். ஆனால் பட்டப்பெயர் என்றால் அவருக்கு உயிர். ஒன்றா இரண்டா, முப்பத்திரண்டு பட்டம் வைத்திருந்தார். காலையில் கட்டியக்காரன் அத்தனையையும் கூவி முடிப்பதற்குள் அவருடைய பால் ஆறி ஆடை கட்டிவிடும். ஆறின பாலைத்தான் தினமும் குடித்தார், பாவம். ஆனாலும் ஒரு பட்டத்தையும் விட மனசு வரவில்லை.

ஒரு நாள் ராயர் பல்லக்கில் சிவன் கோயில் பக்கமாக வந்தார். சாமிக்குச் சமைக்கிற மடைப்பள்ளியின் வாசலில் ஒரே கலகலப்பு. யானைப்பாகன் ஒருவன் விறகைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்தான். "வாங்க அடியாரே!" என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். பூக்கட்டுகிற பெண் ஒருத்தி வந்தாள். "வாங்க அடியாரே!" கண் தெரியாத ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். "பாத்து வாங்க அடியாரே, படி இருக்கு!"

ராயர் பல்லக்கை நிறுத்தச் சொல்லி இறங்கினார். உடனே எல்லோரும் ஒதுங்கி நின்று, "மகாராஜா வாழ்க!" என்று கும்பிட்டார்கள். ராயர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை. முகம் வாடிப்போய் அரண்மனைக்குத் திரும்பினார்.

மறுநாள் சபையில், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற ஸ்ரீகாரியம் சூடாமணியாரைக் கூப்பிட்டார்.

"அடியார் என்றால் யார்?"

"இறைவனுடைய திருவடியே கதி என்று இருப்பவர், பிரபு. அந்தத் திருவடியைச் சேர்ந்தவர் என்பதால் அடியார்."

"அந்தத் திருவடிக்கு நம்மைவிட யானைப்பாகன் நெருங்கியவனோ?"

சூடாமணியார் இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் வெகு நாளாகக் காத்திருந்தார். "அதுதான் பிரபு அநியாயம்! கண்டவரும் கண்டவரை அடியார் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அரண்மனையே பதக்கம் கொடுக்கட்டும். முதல் பதக்கம் பொன்னில், தங்களுக்கு. சபையில் தகுதி உள்ள பன்னிரண்டு பேருக்கு வெள்ளியில். பதக்கம் உள்ளவரே அடியார். மற்றவரை அப்படி அழைப்பது குற்றம்" என்றார்.

அந்தப் பன்னிரண்டு பேரில் முதல் ஆள் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ராயர் சரி என்றுவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அரண்மனை விகடகவி தோணியப்பன் பல்வலி என்று வீட்டில் சுருண்டு கிடந்தான். சபையில் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் ராயரைச் சிரிக்கவைத்து விஷயத்தை அங்கேயே முடித்திருப்பான். என்ன செய்வது, பல் கெட்டால் சொல்லும் நின்றுவிடுகிறது. சாயங்காலமே தண்டோரா போட்டுவிட்டார்கள்.

தோணியப்பன் யார் என்று இப்போது சொல்கிறேன். உடம்பு ஒல்லி, நாக்கு நீளம். இருபது வருஷத்துக்கு முன்னால் பஞ்சம் பிழைக்க அந்த ஊருக்கு வந்தவன். வந்து சேர்ந்தபோது மூன்று நாள் பட்டினி. அன்றைக்கு மார்கழித் திருவாதிரை. கோயிலிலிருந்து நெய்யும் வெல்லமும் சேர்ந்த களி வாசனை அவனை இழுத்துக்கொண்டு போயிற்று. மண்டபத்தில் வரிசையாக இலை போட்டிருந்தார்கள். அடியார் பந்தி என்று அதற்குப் பெயர். உட்காரப் போனான். யாரோ தோளைத் தொட்டு, "இருங்க, இங்க யாரும் தானா உக்காரக் கூடாது. இன்னொருத்தர் கூப்பிடணும்" என்றார்கள்.

அந்த ஊரில் அவனை யார் கூப்பிடுவார்? தூணோரமாக நின்றான். ஒருவரை ஒருவர் கூப்பிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஏழுகறிக் குழம்பு கூடப் பரிமாறியாயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்ன, வெளியே போகலாம் என்று திரும்பினான். அப்போதுதான் கை முழுக்கக் கரியோடு ஒரு பெண் அவன் முன்னால் வந்து நின்றாள். மடைப்பள்ளியில் சமைக்கிற பெரிய கொப்பரைப் பாத்திரங்களைத் தேய்க்கிற செம்பாயி.

"அடியாரே, வாங்க. சாப்பிடுங்க" என்றாள்.

அந்தக் கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. அடியாரே என்று யாராவது கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவர் கைகூப்பி, "நான் அடியார் இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தப் பெயரை அடுத்தவருக்குக் கொடுக்கலாமே ஒழிய, தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் சொல்வார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தோணியப்பன், "ஆமாங்க, நான்தாங்க!" என்று சொல்லி இலைமேல் பாய்ந்தான்.

மண்டபமே சிரித்தது. செம்பாயி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தான் வாயைத் திறந்து ஒரு கூட்டம் சிரித்ததை அவன் அன்றைக்குத்தான் முதலில் கேட்டான். பிற்பாடு அதுவே அவனுக்குப் பிழைப்பாயிற்று. அரண்மனைச் சோறு எவ்வளவோ சாப்பிட்டாலும், அன்றைக்கு அவள் கூப்பிட்டுச் சாப்பிட்ட களியை அவன் மறக்கவில்லை. வருஷா வருஷம் திருவாதிரைக்கு அவள் வந்து கூப்பிடுகிறவரைக்கும் அதே தூணோரம் நிற்பான்.

பல்வலி தீர்ந்து தோணியப்பன் கோயிலுக்குப் போனபோது, செம்பாயி மடைப்பள்ளிக் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியாரே, ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றான், எப்போதும் போல.

அவள் பதறிப்போய் எழுந்தாள். "மெதுவா, ஐயா! காவக்காரன் காதுல விழுந்துடப் போகுது."

"ஐயாவா? நான் எப்ப ஐயா ஆனேன்?"

"சட்டம் வந்துருச்சே, உங்களுக்குத் தெரியாதா? எங்களைக் கூப்பிடவும் கூடாதாம், நாங்க கூப்பிடவும் கூடாதாம். பந்தியில பதக்கம் போட்டவங்கதான் உக்காருவாங்களாம். வேலைய மட்டும் எப்பவும் போலச் செய்யச் சொல்லிட்டாரு ஸ்ரீகாரியம்." அவள் மறுபடி உட்கார்ந்து தேங்காய் நாரை எடுத்தாள். "திருவாதிரை முடியட்டும். எல்லாத்தையும் தேய்ச்சுக் கவுத்துட்டு மறுநாள் காலைல கெளம்பிடறேன்."

"எங்க?"

"எங்கயாச்சும்."

தோணியப்பன் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். செம்பாயிக்கு அந்த ஊரில் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. அவனுக்கும் முந்தைய ஒரு பஞ்சத்தில் பெற்றவர்களை வழியிலேயே பறிகொடுத்து, தனியாக வந்து சேர்ந்தவள். கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. "நான் உங்களை அக்கான்னு கூப்பிடறேனே. போகாதீங்க" என்றான்.

"நீங்க அக்கான்னு கூப்பிட்டா உங்களுக்கு நான் அக்கா. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப ஊருக்கே நான் சொந்தம். இப்ப எல்லாரும் இந்தாம்மா, ஏம்மாங்கறாங்க. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்க, கரி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "எனக்கு வேற பேரு பழக்கமில்ல, ஐயா."

அந்த ஐயாவில்தான் தோணியப்பனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கிணற்றுச் சுவர்மேல் தாவி ஏறி நின்றுகொண்டான். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அடியாரே! அடியாரே! அடியாரே!" என்று கத்தினான். நாலாவது தடவைக்குள் காவல்காரன் வந்து காலைப் பிடித்து இழுத்துவிட்டான்.

சபை கூடியது.

"தோணியப்பா, ஆணையை மீறினீரா?" என்று கேட்டார் ராயர்.

"மீறினேன், மகாராஜா. மூன்று தடவை. நாலாவதற்கு இந்தக் காவல்காரர் விடவில்லை."

ராயருக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. சூடாமணியார் அதைக் கவனித்து அவசரமாக எழுந்தார். இவனுடைய விகடத்தால் சபையில் எத்தனை முறை அவர் முகம் சிவந்திருக்கிறது! இன்றைக்கு விடுவாரா? "பிரபு, இது சிரிக்கிற விஷயம் அன்று. இவனையும், இவன் அப்படி அழைத்த அந்தப் பெண்ணையும் நாடு கடத்த வேண்டும். இல்லையேல் தங்கள் ஆணைக்கு என்ன மதிப்பு?"

"மகாராஜா," என்றான் தோணியப்பன், "தங்கள் ஆணையை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பதக்கம் அணிந்தவர்கள் அடியார் இல்லை. இதை நான் சொன்னால் குற்றம். ஆகையால் அவர்களே தங்கள் வாயால் சொல்வார்கள்."

சபையில் கொல்லென்று சிரிப்பு. தளபதி தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆஸ்தானப் புலவர் தன் பதக்கத்தை எடுத்து முத்தமே கொடுத்தார்.

"எல்லோருமா?" என்றார் ராயர்.

"பதின்மூன்று பேரும், மகாராஜா."

சிரிப்பு நின்றுவிட்டது. பதின்மூன்றாவது பதக்கம் யாருடைய மார்பில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ராயர் சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நல்லது. நாளை மறுநாள் திருவாதிரை. பந்தி முடிவதற்குள் நாங்கள் பதின்மூன்று பேரும், 'நான் அடியார் இல்லை' என்று எங்கள் வாயால் சொல்ல வேண்டும். பயமுறுத்தக் கூடாது. பொருள் கொடுக்கக் கூடாது. அப்படிச் சொல்லும்படி கேட்கவும் கூடாது. நடந்துவிட்டால் ஆணையை நாம் திரும்பப் பெறுவோம், அந்தப் பெண் எப்போதும் போல் இருக்கலாம். ஒருவர் சொல்லாவிட்டாலும் நீர் ஒரு திசை, அவள் ஒரு திசை. சம்மதமா?"

"சம்மதம், மகாராஜா. சாட்சிக்குக் கட்டியக்காரனை மட்டும் என்னோடு அனுப்புங்கள்."

வெளியே வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டான். வாய் பேசிவிட்டது, இனி மூளையல்லவா வேலை செய்ய வேண்டும்! நேரே மடைப்பள்ளிக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்தான். அண்ணாந்து பெருமூச்சு விட்டபோது நிலைக்கு மேலே இருந்த கல்வெட்டு கண்ணில் பட்டது. ராயருடைய பாட்டனார் வெட்டிவைத்தது. இருபது வருஷமாக அதன் கீழே குனிந்து போய் வந்திருக்கிறான், ஒரு நாளும் படித்ததில்லை.

"இம்மடைப்பள்ளியில் கலமும் விறகும் நீரும் அடியார் கை படுவதன்றிப் பிறர் கை படலாகாது."

தோணியப்பன் அதை இரண்டு தடவை படித்தான். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

"எல்லாரும் அப்படியே கையை எடுங்க! கல்வெட்டுல என்ன எழுதியிருக்கு? அடியார் கைதான் படணும். சட்டப்படி நீங்க யாரும் அடியார் இல்ல. விறகைத் தொடக் கூடாது, தண்ணி எறைக்கக் கூடாது. வெளியில வாங்க!"

சமையலுக்குத் தலைவரான பரிசாரகருக்குக் கண் பிதுங்கியது. "நாளன்னைக்குத் திருவாதிரைய வச்சுக்கிட்டு வெளையாடறியா? களி யாரு கிண்டறது?"

"அதுக்குத்தான் பதின்மூணு அடியார் இருக்காங்களே. கூட்டிட்டு வரேன்."

மறுநாள் விடிந்ததும் ஒரு கட்டைவண்டி தெருவில் இறங்கியது. வண்டி நிறைய, கை படாமல் கயிறு கட்டி ஏற்றிய அடிப்பிடித்த கொப்பரைகளும் விறகும். முன்னால் தோணியப்பன், பின்னால் கட்டியக்காரன். முதலில் தளபதி வீடு.

"அடியாரே!" என்று வாசலில் நின்று கூப்பிட்டான்.

தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "ஆம், யாமே!"

ஒரு கொப்பரையைக் கயிற்றால் இறக்கி அவர் காலடியில் வைத்தார்கள். கூடவே தேங்காய் நார், கொஞ்சம் புளி, ஒரு கூடை சாம்பல்.

"இது எதற்கு?"

"தேய்க்க, அடியாரே."

"யார் தேய்க்க?"

"கல்வெட்டுப்படி அடியார்தான்."

தளபதி உள்ளே எட்டிப் பார்த்தார். நேற்றைய பொங்கல் கருகிப் பாறையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "ஓய்! என்னை யார் என்று நினைத்தீர்? நான் படைக்குத் தளபதி! அடியாரும் இல்லை, கிடியாரும் இல்லை!"

கட்டியக்காரனுக்கு எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கம் கிடையாது. "தளபதியார்... அடியார் இல்லை!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கூவினான். ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

ஆஸ்தானப் புலவர் கொப்பரையின்மேல் நாலு வரி பாடினார். பாடி முடித்ததும் நாரை நீட்டினார்கள். "எழுத்தாணி பிடித்த விரல் ஐயா இது! அடியாரைப் பாடுவேனே தவிர, நான் அடியார் இல்லை" என்று கதவைச் சாத்தினார். அரண்மனை வைத்தியருக்கு விறகு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அடியாராக இருக்கும் வயதெல்லாம் தாண்டிவிட்டது, அப்பா. நான் அடியார் இல்லை" என்றார். இப்படியே ஒவ்வொரு வாசலிலும் கட்டியக்காரன் கூவக் கூவ, வண்டிக்குப் பின்னால் பாதி ஊர் திரண்டுவிட்டது.

பன்னிரண்டாவது வீடு சூடாமணியாருடையது. சூழ்ச்சி புரியாத ஆளா அவர்? வாசலில் தயாராக நின்றார்.

"நான் அடியார்தான். இறக்கு கொப்பரையை. என் வேலைக்காரன் தேய்ப்பான்."

"அவருக்குப் பதக்கம் உண்டுங்களா?"

"இல்லை."

"அப்போ அவர் கை படலாகாதே, அடியாரே."

சூடாமணியார் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றினார். உட்கார்ந்து, நாரை இரண்டு விரலால் எடுத்து, கொப்பரையைத் தடவிக் கொடுத்தார். கரி அசையவில்லை. அழுத்தித் தேய்த்தார். கரி பட்டுக்கு வந்தது, முழங்கைக்கு வந்தது, மூக்கைச் சொறிந்தபோது மூக்குக்கும் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. அவருடைய மாமனார் திண்டில் சாய்ந்தபடி, "நன்றாகத் தேய்க்கிறீர், மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான், கொப்பரையை ஒரு உதை விட்டு எழுந்துவிட்டார்.

"சீ! இந்தக் கரியெல்லாம் அந்தச் செம்பாயி மாதிரி அடியார்கள் தேய்க்க வேண்டியது! நான் அந்த மாதிரி அடியார் இல்லை!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பதக்கம் இல்லாத ஒருத்தியை அடியார் என்று சட்டத்தை மீறிச் சொன்னதும் அவரே, தான் அடியார் இல்லை என்றதும் அவரே. கட்டியக்காரன் ஒன்றுகூட விடாமல் இரண்டையும் கூவினான்.

மிச்சம் ஒருவர். தோணியப்பன் இருப்பதிலேயே பெரிய கொப்பரையை அரண்மனை வாசலில் கொண்டுபோய் இறக்கினான். ராயர் நிச்சயம் சீறுவார், 'நான் அரசன், அடியார் இல்லை' என்பார் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

ராயர் நடந்ததையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கொப்பரையைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நான் மறுத்தால் நீர் ஜெயித்தீர். அப்படித்தானே?"

"ஆமாம், மகாராஜா."

"அப்படியானால் மறுக்க மாட்டேன்." ராயர் அங்கியைக் கழற்றினார். பொன் பதக்கத்தையும் கழற்றிக் கட்டியக்காரன் கையில் கொடுத்தார். "கொப்பரையைத் திருப்பிக் கொண்டுபோங்கள். வேலையை அதற்குரிய இடத்தில் செய்வோம்."

தோணியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. பிடிவாதக்கார ராஜாவோடு பந்தயம் கட்டிய தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு பின்னால் போனான்.

கிணற்றடியில் ராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாலு பக்கமும் சனங்கள். ஒருவரும் தொடக் கூடாது. நாரை உலர்ந்தபடியே எடுத்துத் தேய்த்தார், கை வழுக்கியது, நகம் பெயர்ந்தது. பார்த்துக்கொண்டு நின்ற செம்பாயிக்குப் பொறுக்கவில்லை.

"நாரை நனைச்சுக்குங்க, சாமி. மொதல்ல புளிய அப்பி ஊற விடணும். ஊறின பெறகு சாம்பலு."

ராயர் நிமிர்ந்து பார்த்தார். "நீதான் செம்பாயியா?"

"ஆமாங்க."

ராயர் அவள் சொன்னபடி செய்தார். கரி ஒரு விரலகலம் விலகி, உள்ளே வெண்கலம் மின்னியது. அதைப் பார்த்து அவருக்கே சந்தோஷம். மறுபடி குனிந்தார். பாதி தேய்த்ததும் தோள் விட்டுப்போயிற்று.

"ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தேய்ப்பாய்?"

"சாதாரணமா ஏழுங்க. திருவாதிரைன்னா இருபது."

"எத்தனை வருஷமாக?"

"முப்பது இருக்குங்க."

"கூலி என்ன?"

"கூலி வாங்கறதில்லீங்க. பந்தியில களி போடுவாங்க. அன்பாக் கூப்பிடுவாங்க."

"என்னவென்று கூப்பிடுவார்கள்?"

செம்பாயி வாயைத் திறந்தாள், பக்கத்தில் நின்ற காவல்காரனைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். சட்டமாயிற்றே. ராயர் மறுபடி குனிந்து மிச்சத்தையும் தேய்த்து முடித்தார்.

மறுநாள் திருவாதிரை. விறகைத் தூக்கியவரும் தண்ணீர் இறைத்தவரும் ராயர்தான். பரிசாரகர் எட்ட நின்று, "கிண்டுங்க, கைய விடாம கிண்டுங்க, மகாராஜா" என்று அலறிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கொப்பரைக் களி. அதிலும் அங்கங்கே கட்டி தட்டியிருந்தது. சாமிக்குப் படைத்தாயிற்று. மண்டபத்தில் இலைகளைப் பரிசாரகரே போட்டார், கல்வெட்டில் இலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இலை காத்துக்கொண்டிருந்தது. உட்காரத்தான் ஆள் இல்லை. பதக்கம் இல்லாதவர்களைச் சட்டம் தடுத்தது. பன்னிரண்டு பேர், அடியார் இல்லை என்று தாங்களே கூவிக்கொண்டுவிட்டார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். ராயர் மட்டும் மண்டபத்து வாசலில் வந்து நின்றார். முகத்தில் கரி, உள்ளங்கையில் கொப்புளம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

நேராகப் போய் உட்காரப் பார்த்தார். "இங்க யாரும் தானா உக்காரக் கூடாதுங்க, மகாராஜா. இன்னொருத்தர் கூப்பிடணும்" என்று பரிசாரகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ராயர் தூணோரமாக ஒதுங்கி நின்றார். அதே தூண். யார் அவரைக் கூப்பிடுவார்கள்? ராஜாவைக் கூப்பிட யாருக்குத் துணிச்சல் வரும்? முப்பத்திரண்டு பட்டம் கொண்ட மனிதர், ஒரு சொல்லுக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். தோணியப்பனுக்குத் தன் பந்தயம்கூட மறந்துபோயிற்று. பசியோடு அந்த இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் போகிற மூட்டையைச் செம்பாயி அன்றைக்கே கட்டி மண்டப மூலையில் வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் நின்றவள், கரி படிந்த கையோடு ஒருவர் பசித்து நிற்பதைத்தான் பார்த்தாள். கால் தானாக நடந்தது, வாய் தானாகச் சொன்னது.

"அடியாரே, வாங்க. சாப்பிடுங்க."

ராயர் நிமிர்ந்தார். இந்தச் சொல்லுக்குத்தானே ஆசைப்பட்டார்! இப்போது கிடைத்துவிட்டது. அவர் தன் கைகளைப் பார்த்தார், அவளுடைய கைகளைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது.

"அம்மா, ஒரு கொப்பரைக்கே என் கை இப்படி ஆகிவிட்டது. நீ முப்பது வருஷமாகத் தேய்க்கிறாய். உன் முன்னால் எந்த முகத்தோடு அந்தப் பெயரை வாங்கிக்கொள்வேன்?" அவர் கைகூப்பினார். "நான் அடியார் இல்லை, அம்மா."

அந்தக் கோயிலில் கூப்பிட்டதும் சொல்ல வேண்டிய பதில் அதுதான் என்று ராயருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பூக்கட்டுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கட்டியக்காரன் பழக்க தோஷத்தில், "மகாராஜா... அடியார் இல்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான்.

அப்போதுதான் ராயருக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் காய்வதற்குள் குபீரென்று சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தோணியப்பா! செய்ய மாட்டேன் என்றவர்களும் சொல்லிவிட்டார்கள், செய்தவனும் சொல்லிவிட்டேன்! இப்படி ஆகும் என்று உமக்குத் தெரியுமா?"

"பன்னிரண்டு பேரைத் தெரியும், மகாராஜா. தங்களைப் பற்றி நான் போட்ட கணக்குத் தப்பிப்போய்விட்டது. நல்லவேளை, தப்பிப்போயிற்று."

ராயர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "ஆணை இந்தக் கணமே நீங்கியது. பதின்மூன்று பதக்கங்களையும் உருக்கி இந்தப் பந்திக்குப் பரிமாறும் கரண்டி செய்யுங்கள். தோணியப்பா, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"நான் கேட்க வேண்டியதை மகாராஜாவால்தான் கொடுக்க முடியும்" என்று அவன் செம்பாயி பக்கம் கண்ணைக் காட்டினான்.

ராயருக்குப் புரிந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பி, மறுபடி கைகூப்பினார். "அடியாரே, வாருங்கள். நீங்கள் உட்கார்ந்த பிறகு நான் உட்காருகிறேன்."

செம்பாயி முந்தானையில் கையைத் துடைத்துக் கூப்பி, "நான் அடியார் இல்லீங்க" என்றாள். சொல்லிவிட்டு, முப்பது வருஷமாக உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் ராயர். அப்புறம் பார்க்க வேண்டுமே! யானைப்பாகன் பூக்காரியைக் கூப்பிட்டான், பூக்காரி தளபதியைக் கூப்பிட்டாள். கண் தெரியாதவர் காற்றில் கையை நீட்டி, "பக்கத்துல யாரோ நிக்கிறீங்களே, வாங்க அடியாரே" என்றார். அங்கே நின்றது சூடாமணியார். அவர் மூக்கில் இன்னும் கொஞ்சம் கரி இருந்தது. "நான் அடியார் இல்லை, ஐயா" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, கூப்பிட்டவரைக் கையைப் பிடித்து நடத்திப் போய் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசியில் ஒருவன்தான் மிச்சம். வழக்கம் போல அதே தூணோரம் நின்றான். செம்பாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடியாரே, வாங்க. சாப்பிடுங்க."

தோணியப்பனுக்குச் சரியான பதில் தெரியாதா என்ன? இருபது வருஷமாகச் சொல்கிற பதில். ஆனால் அன்றைக்கு அவன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, நான்தாங்க!" என்று ஒரே பாய்ச்சலாக இலைமேல் விழுந்தான்.

ராயர் சிரித்ததில் அவர் இலைக் களி எகிறியது. மண்டபமே சிரித்தது. செம்பாயியும் தூணில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மூட்டை மூலையிலேயே கிடந்தது. சாப்பிட்டு முடித்ததும் அதைப் பிரித்து, உள்ளே இருந்த நாரை எடுத்துக்கொண்டு கொப்பரை தேய்க்கப் போனாள். அன்றைக்கு அவளோடு தேய்க்க வந்தவர்களுக்குக் கிணற்றடியில் இடம் போதவில்லை என்று சொல்வார்கள்.